கேமரா பார்க்காத வளைவு

என் அண்ணன் சோலைமலை அன்றைக்கு ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தாரா இல்லையா, இதுதான் வழக்கு. வேறு ஒன்றும் இல்லை. பஸ் வேகமாகப் போகவில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். குடிக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். போன் சட்டைப்பையில் இருந்தது. கையை எடுத்திருந்தால் சிறை, எடுக்கவில்லை என்றால் வீடு. இதைப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லாமல்தான் நாங்கள் அந்தப் பாடு பட்டோம்.

எனக்கு வாய் நீளம் என்று திண்டுக்கல்லில் பாதிப் பேர் சொல்வார்கள். வாசுகியிடம் வாயைக் கொடுக்காதே என்று என் புருஷன் வீட்டாரே வருகிறவர்களை எச்சரித்து அனுப்புவார்கள். இருக்கட்டும். அவ்வளவு வாயும் எதற்கும் உதவாமல் போன கதை இது.

அண்ணன் தனியார் பஸ் டிரைவர். மலையடிவாரத்து ஊர்களுக்குப் போகிற ரூட், வருஷக்கணக்காக அதே ரூட். அதில் ஒரு வளைவு உண்டு. வளைவின் ஓரத்தில் அரிவாளோடு கருப்பசாமி நிற்கிறார். அவரைத் தாண்டும்போது எந்த டிரைவரும் வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்து உதட்டில் ஒற்றிக்கொள்ளாமல் போனது கிடையாது. கண்டக்டர் விசிலை ஒரு தரம் ஊதுவார். முன் சீட்டுப் பெண்கள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். புதிதாக வந்த டிரைவர் ஒருத்தர் தெரியாமல் கும்பிடாமல் போய்விட்டார். "ஏப்பா, சாமிய மதிக்காம போறியே, எங்கள ஒழுங்கா வீடு கொண்டு சேப்பியா?" என்று இறங்குகிறவரை அவரை வறுத்து எடுத்துவிட்டார்களாம்.

அந்த வளைவில்தான் ஒரு நாள் காலை அண்ணன் ஓட்டிய பஸ் சட்டென்று வலது பக்கம் ஏறியது. எதிரே ஸ்கூட்டரில் வந்த மரகதம் டீச்சர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். பள்ளிக்கூடத்தில் அன்று பரீட்சை. அவர் கொண்டுவந்த கேள்வித்தாள்கள் ரோடு முழுக்கப் பறந்து கிடந்தனவாம். அண்ணன் இறங்கி ஓடி, டீச்சர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், போலீஸ் வந்து தூக்குகிறவரை எழுந்திருக்கவில்லை.

"ஸ்டியரிங் இழுத்துச்சு பாப்பா," என்றார் அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம். எனக்கு எத்தனை வயசானாலும் அவருக்கு நான் பாப்பாதான். "ரெண்டு கையாலயும் இடது பக்கம் ஒடிக்கிறேன், சக்கரம் கேக்கவே இல்ல. கருப்பனக்கூட அன்னிக்கு நான் கும்பிடல. கும்பிட கை ஏது?"

பஸ் கம்பெனிக்காரர்கள் வண்டியைப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். வண்டி அவர்களுடையது, மெக்கானிக்கும் அவர்களுடைய ஆள். வேறு என்ன சொல்வார்கள்?

பஸ்ஸுக்குள் இருந்த கேமரா செத்துப் பல மாசம் ஆகியிருந்தது. வளைவுக்கு முன்னால் பெட்ரோல் பங்க் கேமராவில் பஸ் ஒழுங்காகப் போகிறது. வளைவுக்குப் பின்னால் செல்போன் கடை கேமராவில் பஸ் குறுக்கே கிடக்கிறது. நடுவில் இருக்கிற துண்டு ரோட்டை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. கண்டக்டர் பின்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாராம். பயணிகளைக் கேட்டால், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வக்கீல் நைனா முகமது, பெரிய கண்ணாடி போட்ட நிதானமான மனுஷர், என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"அந்தத் துண்டு ரோட்ட உலகாக்கியில போட்டு உண்டாக்கப் போறாங்கம்மா. இப்பல்லாம் விபத்து கேசுக்கு அது சேத்தி. நீதிபதியே உள்ள போயி நின்னு பாப்பாங்க."

"உண்டாக்குறதுன்னா என்ன சார், நடந்தது எங்க கேமராவுல இருக்கு?"

"இல்லாததுனாலதான் உண்டாக்குறது. உங்களுக்குத் தெரியாததா? நீங்க தொழிலே அதுலதான பண்றீங்க?"

அவர் சொன்னது சரிதான். நான் கல்யாண மண்டப அலங்காரம் செய்கிறவள். முன்னெல்லாம் மயில் மேடையா, தாமரை மேடையா என்று படத்தைக் காட்டிக் கேட்டால், மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் என் கடையிலேயே சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். உலகாக்கி வந்தபிறகு அந்தத் தொல்லை குறைந்தது. ஒரு வரி எழுதினால் போதும், அல்லது நாலு படத்தைப் போட்டால் போதும், அது ஒரு முழு இடத்தையே உண்டாக்கிவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே நடக்கலாம், திரும்பலாம், கதவைத் திறந்தால் அடுத்த அறை இருக்கும். கல்யாணப் பெண்ணை மேடையில் ஏற்றி நிற்கவைத்துவிட்டால் சண்டை அப்போதே முடிந்துவிடும்.

முதல்முதலில் நான் அதில் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. 'கல்யாண மண்டபம், காலை முகூர்த்தம்.' அவ்வளவுதான் எழுதினேன். கண்ணாடியைப் போட்டால், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியப்பா வாயைத் திறந்து தூங்குகிறார். தவில்காரர் பிளாஸ்கில் இருந்து காபி ஊற்றுகிறார். சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால் ஒருத்தர் இன்னொரு அப்பளம் கேட்டுச் சண்டை போடுகிறார். இவர்கள் யாரையும் நான் கேட்கவில்லை. அது எத்தனையோ ஆயிரம் கல்யாண வீடியோக்களைப் பார்த்துப் படித்தது. நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் வழக்கமாக என்ன இருக்குமோ அதைப் போட்டு நிரப்பிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேலைக்கு வருகிற பெண்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த அப்பளக்காரரைக் காட்டினேன்.

கோர்ட்டில் அதே கண்ணாடியை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். நீதிபதி அம்மாவுக்கு, அரசு வக்கீலுக்கு, நைனா முகமதுவுக்கு, அண்ணனுக்கு. இந்தக் கருவி தெரிந்தவள் என்று சொல்லி வக்கீல் எனக்கும் ஒன்று வாங்கிக்கொடுத்தார். மாட்டியதும் நாங்கள் எல்லாரும் பஸ்ஸுக்குள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். பஸ்ஸின் முன்கண்ணாடியில் தொங்குகிற எலுமிச்சம்பழம், டேஷ்போர்டில் ஒட்டிய சாமி படம், முன் சீட்டில் கூடையோடு ஒரு பொம்பளை, எல்லாம் அச்சு அசல். டிரைவர் சீட்டில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அந்த முதுகை எனக்குத் தெரியும். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து உட்காருகிற முதுகு.

பெட்ரோல் பங்க் தாண்டியது. வளைவு வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். அண்ணன் வலது கையை எடுத்தார். நெஞ்சில் வைத்தார், உதட்டில் ஒற்றினார். பஸ் வலது பக்கம் நழுவியது.

ஸ்கூட்டர் வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். டீச்சரின் கணவர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண்ணாடி தரவில்லை, நல்லவேளை.

அண்ணன் எழுந்து நின்றார். "அம்மா, அது நான் இல்லம்மா."

"தினமும் அந்த இடத்துல கும்பிடுவீங்களா?" என்று நீதிபதி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அமைதியாகத்தான் கேட்டார்.

"கும்பிடுவேம்மா."

"ஒரு நாளாவது கும்பிடாம போனதுண்டா?"

"இல்லம்மா. அன்னிக்கு மட்டும்தான்."

அரசு வக்கீல் சிரித்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து போய் அவர் கோட்டைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. நைனா முகமது என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

வெளியே நடைபாதையில் அந்த உலகத்தைச் செய்த பையனைப் பார்த்தேன். சரண் என்று பெயர், மதுரைக்காரன், என் மகன் வயசு இருக்கும். நேராகப் போய் நின்றேன்.

"ஏம்ப்பா, எங்க அண்ணன் கைய எடுத்தத நீ பாத்தியா?"

"அக்கா, நான் கைய எடுக்கச் சொல்லி எழுதவே இல்ல. சத்தியமா. ரெண்டு கேமரா வீடியோவக் குடுத்தேன், பஸ் எந்த மாடல்னு குடுத்தேன், ரோடு, நேரம், டிரைவர் போட்டோ. அவ்வளவுதான். கைய அதுவா எடுத்துச்சு."

"அதுக்கு எப்படித் தெரியும் அந்த வளைவுல கும்பிடுவாங்கன்னு?"

"அந்த ரூட்ல போறவங்க எத்தன பேரு வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க தெரியுமா? டிரைவர் அண்ணன் சாமி கும்பிடுற ஸ்டைல பாருங்கன்னு. உங்க அண்ணனே எத்தனையோ வீடியோவுல இருக்காரு. எல்லாத்தையும் அது பாத்திருக்கு. நெரப்பச் சொன்னா தெரிஞ்சதத்தான நெரப்பும்?"

"அப்ப தெரியாதத என்ன செய்யும்?"

அவன் தலையைச் சொறிந்தான். கெட்ட பையன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த விசாரணையில் பயணிகளுக்கும் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். முதலில் போலீஸிடம் 'போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எதுவும் தெரியாது' என்று சொன்ன ஒரு அம்மாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆமாங்க, கும்பிட்டாரு. நானும் தாலியத் தொட்டுக் கும்பிட்டேன். இப்ப நல்லா ஞாபகம் வருது," என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. பாவம், கண் கலங்கித்தான் சொன்னார்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. டீக்கடையில் என் காதுபடவே ஒருத்தர் சொன்னார். "சோலைமலை கும்பிடலைன்னு கோர்ட்ல சொல்றாராம்ல. அப்ப சரியாத்தான் நடந்திருக்கு. கும்பிடாம போனா கருப்பன் சும்மா விடுவானா?" கும்பிட்டேன் என்றால் சட்டம் பிடிக்கும். கும்பிடவில்லை என்றால் சாமி பிடிக்கும். என் மதினி இந்திராணி இரண்டு பக்கத்துக்கும் பயந்து, கருப்பனுக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டாள். எதற்காக வேண்டிக்கொள்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "எல்லாத்துக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன் வாசுகி," என்றாள்.

"நாமளும் உலகாக்கியில ஒண்ணு செஞ்சு குடுக்கலாமா சார்?" என்று வக்கீலிடம் கேட்டேன். அவருக்கு விருப்பம் இல்லை. அவர் அப்போது வேறு ஒன்றில் அலைந்துகொண்டிருந்தார். செல்போன் கடை கேமராவில், பஸ் குறுக்கே கிடக்கிற நேரத்தில், ஒரு வெளியூர் லாரி ஒதுங்கி வேகமாகப் போவது தெரிந்தது. டீச்சருக்குப் பின்னால் வந்த லாரி அது. கூட்டம் சேர்ந்து அடிப்பார்கள் என்று பயந்து நிற்காமல் போயிருக்கலாம். நம்பர் தெரியவில்லை. அவருடைய குமாஸ்தா சுங்கச்சாவடிகளில் கேட்டுக்கொண்டிருந்தார். "அது கெடைக்கிற வரைக்கும் சும்மா இருப்போம்மா," என்றார். எனக்குச் சும்மா இருக்க வராது. பிடிவாதம் பிடித்து ஒத்துக்கொள்ளவைத்தேன்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், ஜாமீனில் இருந்த அண்ணனைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அதே இரண்டு வீடியோக்கள், அதே பஸ், அதே ரோடு. முதல் தடவை செய்தபோதே கை எழுந்தது. 'டிரைவர் கையை எடுக்கவில்லை' என்று எழுதினேன். கை எழவில்லை, தலை கருப்பன் பக்கம் திரும்பியது. 'ரோட்டைப் பார்க்கிறார்' என்று எழுதினேன். கண் சொக்கியது. 'ஸ்டியரிங் தானாக வலது பக்கம் இழுக்கிறது, டிரைவர் இரண்டு கையாலும் இடது பக்கம் திருப்புகிறார்' என்று எழுதினேன். அப்போது ஸ்டியரிங் அப்பளம் மாதிரி வளைந்தது. அண்ணனின் விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. முகத்தில் ஏதோ பல்வலிக்காரர் மாதிரி ஒரு பாவனை.

சரண் சொல்லாமல் விட்ட பதில் இதுதான். டிரைவர் சாமி கும்பிடுவதை அது பல ஆயிரம் தரம் பார்த்திருக்கிறது. செத்துப்போன ஸ்டியரிங்கோடு ஒரு மனுஷன் மல்லுக்கட்டுவதை அது ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. அதை யார் வீடியோ எடுத்துப் போடுவார்கள்? தினமும் நடப்பது அதற்கு அத்துப்படி. ஒரே ஒரு நாள் நடந்தது என்றால் அதற்குக் கை வராது.

ஒவ்வொன்றையும் அண்ணன் கண்ணாடி போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. "ஸ்டியரிங் இன்னும் தடிமனா இருக்கும்." "பல்ல கடிச்சேன், வாயத் தொறக்கல." "டீச்சரு நீலச் சேல." அப்படிச் சொல்லச் சொல்ல மாற்றினேன். நாள் கணக்கில் அந்த வளைவில் அவர் திரும்பத் திரும்பப் போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் டீச்சர் எதிரே வருவார். ஒவ்வொரு தடவையும் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய், குழாயில் முகத்தைக் கழுவிவிட்டு வருவார்.

கடைசியில் ஓரளவு ஒழுங்காக ஒன்று வந்தது. "இது சரியா இருக்காண்ணே?" என்றேன்.

"இருக்கு," என்றார். பிறகு, "அவங்க செஞ்சத இன்னொரு வாட்டி காட்டு பாப்பா," என்றார்.

"அது எதுக்கு?"

"சும்மா பாக்கணும்."

காட்டினேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ செஞ்சதுல அந்தக் கை யாரு கையோ மாதிரி இருக்கு. அவங்க செஞ்சதுல இருக்கிறது என் கைதான்."

"அது உன் பழைய வீடியோவப் பாத்துச் செஞ்ச கைண்ணே. அதான் அப்படித் தெரியுது."

"இருக்கும்," என்றார். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோர்ட்டில் எங்கள் உலகத்தைக் காட்டினோம். நீதிபதி அம்மா உள்ளே நின்று பொறுமையாகத்தான் பார்த்தார். அரசு வக்கீல் எழுந்து என்னைக் கேட்டார்.

"இது முதல் தடவையே இப்படி வந்துச்சா, இல்ல பல தடவ மாத்தி மாத்திச் செஞ்சதா?"

"பல தடவ செஞ்சதுதான். அதுக்குத் தெரியாதத நாங்க சொல்லிக் குடுக்கணும்ல?"

"எங்க தரப்புல ஒரே தடவதான். யாரும் எதுவும் சொல்லிக் குடுக்கல. கேக்காமலே டிரைவர் கைய எடுத்தாரு. உங்களுக்கு மட்டும் ஏன் இத்தன தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு?"

கேட்காமலே எடுத்தது என்பதுதான் அதன் குற்றமே, அப்பளக்காரனும் கேட்காமல்தான் வந்தான் என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. நீதிபதி அம்மா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். ஊரையே ஏசுகிற வாய் எனக்கு. அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் ஒரு வார்த்தையும் எடுபடவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். மதினி சொன்னாள், திடீர் திடீரென்று வலது கையைத் தூக்கி நெஞ்சு வரைக்கும் கொண்டுபோய் அப்படியே நிறுத்திப் பார்க்கிறாராம். கேட்டால், "எவ்வளவு நேரம் ஆவுதுன்னு பாக்கேன்," என்கிறாராம். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

அடுத்த விசாரணைக்கு வக்கீல் அவரிடம் ஒன்றும் பேச வேண்டாம் என்று சொல்லிக் கூட்டிப்போனார். பெயரைக் கூப்பிட்டதும் அண்ணன் கூண்டில் ஏறி, கைகட்டி நின்று, "அம்மா, நான்தான் கைய எடுத்தேன்," என்றார்.

நைனா முகமது எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அண்ணன் அவரைப் பார்த்து, "விடுங்க சார். எனக்கு ஞாபகம் வந்துருச்சு," என்றார்.

"முன்னால ஸ்டியரிங் இழுத்துச்சுன்னு சொன்னீங்களே?" என்று நீதிபதி கேட்டார்.

"அப்ப அப்படி நெனச்சேம்மா. செஞ்சத ஒத்துக்க மனசு வராம நானே அப்படி நெனச்சிருக்கேன். இப்ப தெளிவா தெரியுது. விசில் சத்தம் கேட்டுச்சு, கைய எடுத்தேன், நெஞ்சுல வச்சேன். டீச்சரு நீலச் சேல." பின் பெஞ்சைப் பார்த்துக் கும்பிட்டார். டீச்சரின் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்து அண்ணனை உலுக்கினேன். "உனக்குப் பைத்தியமா? அன்னிக்கே ஆஸ்பத்திரி வாசல்ல என்கிட்ட என்ன சொன்ன? கும்பிட கை ஏதுன்னு கேட்டியா இல்லையா?"

"கேட்டேனா?" என்றார். நிஜமாகவே யோசித்தார். அவருக்கு அது வரவில்லை. நான் சொல்கிற அந்த ஆஸ்பத்திரி வாசலே அவருக்குள் இல்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "சொல்லியிருப்பேன்," என்றார்.

தீர்ப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். மதினி அவருக்குச் சிறைக்குக் கொடுத்துவிட பெட்ஷீட், துண்டு எல்லாம் துவைத்து மடித்துவைத்துவிட்டாள். நான் கடைக்கே போகவில்லை. அந்தக் கண்ணாடியைத் தொடவே மனசு வரவில்லை.

அப்போதுதான் அந்த லாரி கிடைத்தது. வெங்காயம் ஏற்றிப்போகிற ஆந்திரா லாரி. டிரைவர் பெயர் வீரபத்ர ராவ். லாரியின் முன்கண்ணாடியில் அவர் சொந்தமாக ஒரு கேமரா மாட்டியிருந்தார். யாராவது வந்து இடித்துவிட்டு நீதான் இடித்தாய் என்று சொன்னால் காட்டுவதற்காம். அன்றைய காட்சியை அழிக்காமல் வைத்திருந்தார். என்றைக்காவது யாராவது கேட்டு வருவார்கள் என்று பயந்துகொண்டே வைத்திருந்ததாகச் சொன்னார். நைனா முகமது அதைக் கோர்ட்டில் கொடுத்தார்.

இதற்குக் கண்ணாடி எதுவும் தேவைப்படவில்லை. சாதாரண டிவியில் போட்டார்கள். கலங்கலான படம், பஸ் நெருங்க நெருங்கத் தெளிகிறது. எதிரே பஸ் வருகிறது. பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னால் என் அண்ணன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். உடம்பு முழுவதையும் இடது பக்கம் சாய்த்து, சீட்டில் இருந்து எழுந்தே விட்டார், ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டார். சக்கரம் வலது பக்கமே போகிறது. வாய் மூடியிருக்கிறது. பல்லைக் கடித்திருப்பது தாடையில் தெரிகிறது.

வண்டியை வேறு நிபுணரை வைத்து மறுபடி பார்க்க உத்தரவிட்டார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு இணைப்பு முன்பே விட்டுப்போயிருந்தது என்றும், விபத்துக்குப் பிறகு யாரோ அதைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. கம்பெனி மேல் தனியாக வழக்கு. அண்ணனை விடுதலை செய்துவிட்டார்கள். நீதிபதி அம்மா, "நீங்க உங்களால முடிஞ்சத எல்லாம் செஞ்சிருக்கீங்க," என்று அவரைப் பார்த்தே சொன்னார். மதினி கோர்ட் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். சரணுக்கும் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

அண்ணன் மட்டும் லட்டை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டில் அவர் டிவியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றியதால், போனில் அந்த வீடியோவை எடுத்துக் காட்டினேன். முழுக்கப் பார்த்தார். திரும்ப ஒரு தரம் போடச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. எனக்குப் போன உயிர் திரும்பிவந்த மாதிரி இருந்தது.

"நல்லா வந்திருக்கு பாப்பா," என்றார். "மொதல்ல செஞ்சதவிட இது எவ்வளவோ தேவல. இதுல கை என் கை மாதிரியே இருக்கு."

"அண்ணே, இது நான் செஞ்சது இல்ல. லாரி கேமராவுல எடுத்தது. நெசம்ண்ணே. அன்னிக்கு நடந்தது இதுதான்."

"சரி, சரி."

"என்ன சரி? வக்கீலு சொன்னாரு, ஜட்ஜம்மா சொன்னாங்க, வண்டியப் பிரிச்சுப் பாத்தவரு சொன்னாரு. நீ நம்ப மாட்டியா?"

"அவங்கல்லாம் இதப் பாத்துத்தான பாப்பா சொன்னாங்க," என்றார் மெதுவாக.

வீரபத்ர ராவுக்குப் போன் போட்டேன். அவர் உடைந்த தமிழில், "அன்னா, நேனு கண்ணாலே பாத்தேன் அன்னா, நீங்க கஷ்டப்பட்டு திருப்பினாரு, வண்டி கேக்கலே," என்று அழாத குறையாகச் சொன்னார். அண்ணன் போனைக் காதில் வைத்து மரியாதையாகக் கேட்டார். "சரிங்க. ரொம்ப நன்றிங்க," என்று சொல்லி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"குரலுகூட எவ்வளவு தெளிவா பண்ணுது இப்பல்லாம்," என்றார்.

நான் அழுதுவிட்டேன். என்ன சொல்வது, எதைக் காட்டுவது? எதைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் அது நான் செய்ததாகவே அவருக்குத் தெரியும். மதினி சமையலறை வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். சின்னப் பிள்ளையில் நான் அழும்போது வைப்பாரே, அதே கை.

"அழாத பாப்பா. எனக்காகத்தான செஞ்ச. கோர்ட்டையே நம்ப வச்சுட்டியே, நீ கெட்டிக்காரி." சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார். "டீச்சரு வீட்டுக்காரருக்கு மட்டும் உண்மையச் சொல்லிட்டு வந்துர்றேன். மனசு கேக்கல. உன் பேர வெளிய சொல்ல மாட்டேன், பயப்படாத."